நீச்சல் பயிற்சிக்குப் பின் மூச்சிரைப்பு

கேள்வி: என் மகளுக்கு 12 வயது, நீச்சல் போட்டிகளில் கலந்துகொள்கிறாள். உள்ளரங்கக் குளத்தில் பயிற்சி முடிந்ததும் இருமல், நெஞ்சு இறுக்கம். ஆஸ்துமா என்று சொல்லி டாக்டர் சால்புட்டமால் இன்ஹேலர் தந்தார். தினமும் அடித்தால் பழகிவிடாதா? ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கல் வருமா?
– வாசகி, கோவை

பதில்: அடிமையாக்கும் மருந்து அல்ல அது. ஆனால் தினமும் தேவைப்படுகிறது என்றால் மூச்சுக்குழாயின் அழற்சி அடங்கவில்லை என்று பொருள். தினமும் எடுக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலர் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதை எடுத்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். இல்லையென்றால் வாயில் பூஞ்சைத் தொற்று வரலாம்.

சால்புட்டமாலைப் பயிற்சிக்கு 15 நிமிடம் முன், டாக்டர் சொன்ன அளவில், ஸ்பேசர் (இன்ஹேலரில் பொருத்தும் குடுவை) வழியாக எடுக்கட்டும். குலுக்கி, ஒரு பஃப் அடித்து, ஐந்து முறை நிதானமாக மூச்சிழுக்க வேண்டும். அடுத்த பஃப்புக்கு மறுபடி குலுக்க வேண்டும். இரண்டு பஃப்பையும் சேர்த்து அடித்தால் மருந்து ஸ்பேசர் சுவரிலேயே ஒட்டிவிடும். ஸ்பேசரைச் சோப்புநீரில் கழுவித் துடைக்காமல் காயவிடுங்கள்.

குளத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி, வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்து உண்டாகும் குளோரமின். நெடி கடுமையான நாளில் உள்ளே இறங்க வேண்டாம்.

சால்புட்டமால் இன்ஹேலருக்கு 24 மணி நேரத்தில் 1600, எந்த 8 மணி நேரத்திலும் 600 மைக்ரோகிராம் வரை வாடா (உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு) அனுமதிக்கிறது. சிரப், மாத்திரை வடிவம் தடைசெய்யப்பட்டது.

சால்புட்டமால் இன்ஹேலர் லாக்கரில் அல்ல, குளக்கரையில் பயிற்சியாளர் கையில் இருக்கட்டும். பேச முடியாமல் திணறினாலோ உதடு நீலமானாலோ பஃப் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்கு விரையுங்கள்.