பாடகர் அவரேதான், பதிவு வேறு

கேள்வி: அமெரிக்கப் பாடகர் ஓட்டிஸ் ரெடிங் 1972-ல் கையெழுத்துப் போட்ட இசைத்தட்டு 18,000 ரூபாய்க்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அவர் 1967 டிசம்பர் 10 அன்று விமான விபத்தில் இறந்துவிட்டார்.

கேள்வி: பெர்சி ஸ்லெட்ஜ் பாடிய ‘வென் எ மேன் லவ்ஸ் எ உமன்’ பாட்டு அப்பாவுக்கு உயிர். எண்பதாவது பிறந்தநாளுக்கு, ‘அசல் பாடகரின் ஹிட் பாடல்கள்’ என்று அட்டையில் போட்டிருந்த எல்.பி. இசைத்தட்டை 2,400 ரூபாய்க்கு வாங்கித் தந்தேன். இரண்டு வரி கேட்டுவிட்டு, “இது அது இல்லம்மா” என்று எழுந்து போய்விட்டார். கடைக்காரரோ, பாடியது அவர்தானே என்கிறார்.

பதில்: உங்கள் அப்பாவின் காது பொய் சொல்லவில்லை. சோல் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை. அந்தக் காலத்து சோல் பாடகர்கள் பலருக்குத் தங்கள் மூலப் பதிவு சொந்தமில்லை, கம்பெனிக்குத்தான் சொந்தம். அதனால் மலிவுத் தொகுப்பு போடுகிறவர்கள், வயதான பிறகு அவர்களைக் கூப்பிட்டு அதே பாட்டைத் திரும்பப் பாடவைத்தார்கள். அப்படி, சாம் அண்ட் டேவ் என்ற இரட்டைப் பாடகர்களின் சி.டி. ஒன்றை 600 ரூபாய் கொடுத்து நானும் வாங்கினேன். அவர்களுடைய ‘சோல் மேன்’ பாட்டு 1967-ல் மெம்பிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் ஸ்டுடியோவில் பதிவானது. அது பழைய சினிமா தியேட்டர். சரிவான தரையைக்கூட மாற்றவில்லை. அந்தக் கூடத்தில் ஊதிய டிரம்பெட்டும் சாக்சபோனும் என் சி.டி.யில் இல்லை, கீபோர்டு இருந்தது. பின்னட்டையில், பார்கோடுக்குக் கீழே, எள் அளவு எழுத்தில் ‘மறுபதிவு’. ஐம்பது வருடம் ஒரு குரலோடு வாழ்ந்தவருக்கு அது எந்த இடத்தில் உடையும், எங்கே மூச்சு வாங்கும் என்பதெல்லாம் மனப்பாடம். அதைத் தேடித்தான் அவர் உட்கார்ந்தார். மறுபதிவு என்பதை முன்னட்டையிலேயே பெரிய எழுத்தில் போடவேண்டும். இதை விடாமல் எழுதிக்கொண்டே இருப்பேன்.

அட்டையின் இரு பக்கத்தையும் படம் எடுத்து, பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடைக்கு எழுதுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் கொடுங்கள். அப்புறம், அப்பாவுக்கு அட்லாண்டிக் கம்பெனியின் 1966 பதிவு என்று குறிப்பிட்டிருப்பதை வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: மலிவான சூட்கேஸ் பிளேயரில் தட்டுகள் கரகரக்கின்றன. மூன்றாவது பிளேயர் இது. எந்த பிராண்ட் நல்லது?

பதில்: முதல் பிளேயரிலேயே தெரிந்திருக்கவேண்டும். நல்ல ஊசிக்கு 2 கிராம் அழுத்தம் போதும். இந்தப் பெட்டிகள் பலவும் 5 கிராம் வரை அழுத்தும். ஊசியின் அழுத்தத்தைச் சரிசெய்ய வசதியில்லாத எதையும் வாங்காதீர்கள். அதுவரை தட்டுகளை உறையிலிருந்து எடுக்கவே வேண்டாம்.

கேள்வி: சோல் இசைக்குப் புதிது. எதில் தொடங்கலாம்?

பதில்: ‘ரெஸ்பெக்ட்’. 1965-ல் அதை எழுதிப் பாடியவர் ஓட்டிஸ் ரெடிங். 1967-ல் பாடியவர் அரீத்தா ஃபிராங்க்ளின். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வீட்டுக்கு வரும் ஆண் மரியாதை கேட்ட பாட்டு, அந்தப் பெண் வாயில் அவள் உரிமையாகிவிடும். காசு கொடுக்குமுன் பின்னட்டையைப் பாருங்கள்.