வாவிக் கரையில் கண்டல் கன்றுகள் பட்டுப்போவது குறித்து

மட்டக்களப்பு வாவியோரம் பாலமீன்மடுப் பக்கம் முழங்காலளவு நீரில் நட்ட கண்டல் (உவர்நீரில் வளரும் அலையாத்தி மரம்) கன்றுகள் மஞ்சளித்துப் பட்டுப்போகின்றன, உரமிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். உரம் வேண்டாம்; நட்ட இடம்தான் பொருந்தவில்லை. கண்டலின் வேர்கள், நீர் வற்றும் வேளையில் தம் பட்டையிலுள்ள நுண்துளைகள் வழியே காற்றை உள்வாங்குகின்றன; மட்டக்களப்பு வாவியிலோ வற்றுப்பெருக்கு (கடல்நீர் ஏறி இறங்குவது) மிகச் சிறிது, வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் அடைபட்டுவிட்டால் நீர் நெடுநாள் இறங்காமலே கிடக்கும், ஆகவே இளங்கன்று மூச்சுமுட்டிச் சாகிறது. தண்டின் அடிப்பகுதியைத் தடவிப் பாருங்கள்: நீரில் ஒட்டிவாழும் சிற்றுயிர்களின் கூரான சிறு வெள்ளை ஓடுகள் அப்பியிருந்தால், அது நீண்டகாலம் நீரில் மூழ்கிக் கிடந்ததற்கு அடையாளம். அருகில் தானாக முளைத்த கன்றுகள் எந்த மட்டத்தில் நிற்கின்றனவோ அதே மட்டத்தில், மாரி வெள்ளம் வடிந்தபின் நடுங்கள். கைவிடப்பட்ட இறால் குளத்தின் அணை ஏதும் நீரோட்டத்தை மறிக்கிறதென்றால், உரிய அனுமதி பெற்று அதை வெட்டித் திறப்பதே நடுகையைவிட முக்கியமான வேலை. தாய்மரங்கள் அருகில் இருந்தால் முளைகள் தாமாகவே மிதந்துவந்து ஊன்றிக்கொள்ளும். ஆடு மாடு மேயாமல் வேலியும் போடுங்கள்.