கொடுத்தவர்கள் எங்கே போனார்கள்?

கேள்வி: ஏழைப் பிள்ளைகளுக்கு மாலை நேர இலவச வகுப்பு நடத்துகிறோம். போன வருடம் 112 பேர் நன்கொடை தந்தார்கள். அவர்களில் 31 பேர்தான் இந்த வருடமும் கொடுத்திருக்கிறார்கள். புது ஆட்களைத் தேடியே ஓய்ந்துவிட்டோம். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, செய்யாறு

பதில்: புது ஆட்களைத் தேடுவதைக் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். விட்டுப்போன 81 பேரின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, பணம் வந்த பிறகு அவருக்கு நாம் என்ன அனுப்பினோம் என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எழுதுங்கள். ஒரு ரசீது, அப்புறம் அடுத்த வருடம் இன்னொரு வேண்டுகோள். நடுவில் ஒன்றும் இருக்காது. நான் ஒரு முதியோர் இல்லத்தில் 16 வருடம் நன்கொடைக் கணக்கு பார்த்தவன். எங்கள் லட்சணமும் அதுதான்.

கல்யாண மொய் நோட்டை நம் வீடுகளில் எத்தனை வருடம் பத்திரப்படுத்துகிறோம்! யார், எந்த ஊர், எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கும். அவர்கள் வீட்டில் ஒரு விசேஷம் என்றால் உடனே புரட்டுவோம். நன்கொடைப் பதிவேட்டிலோ தொகையும் பான் எண்ணும்தான். எதற்காகக் கொடுத்தார்? அம்மாவின் நினைவு நாளா, பேத்தியின் பிறந்தநாளா? அந்தத் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அன்று காலை, "இன்று உங்கள் அம்மா பெயரில் பிள்ளைகளுக்குச் சுண்டல்" என்று ஒரு வரி அனுப்பினால் போதும். (சுண்டலை உண்மையிலேயே கொடுங்கள்!)

இன்னொன்று, எங்கள் மானம் போன கதை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மாதம் 500 ரூபாய் கார்டிலிருந்து தானாகப் போகும்படி செய்திருந்தார். கார்டு காலாவதியானது. எட்டு மாதம் பணம் வரவில்லை, நாங்கள் யாரும் கவனிக்கவும் இல்லை. தயங்கித் தயங்கிக் கூப்பிட்டால், "ஏன் சார், பணம் போய்க்கிட்டுதானே இருக்கு?" என்கிறார் மனிதர்! அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி, யார் பணம் வரவில்லை என்று பார்ப்பதை வழக்கமாக்கினேன். வங்கிக் கணக்கிலிருந்தே பணம் தானாகப் போகும் யூபிஐ ஆட்டோபேயில் கார்டுத் தொல்லை இல்லை. ஆனாலும் கணக்கில் இருப்பு இல்லாவிட்டால் அதுவும் திரும்பிவிடும்.

81 பேரிடமும் நீங்களோ வகுப்பெடுக்கும் ஆசிரியரோ பேசுங்கள். முதல் அழைப்பில் பணத்தைப் பற்றி மூச்சு விடாதீர்கள். கணக்கில் தடுமாறிய பையன் இப்போது எப்படிப் போடுகிறான் என்று சொல்லுங்கள்.

கேள்வி: புதிய வரி முறைக்கு மாறியவர்கள், நன்கொடைக்கான 80ஜி வருமான வரிச் சலுகை இல்லையே என்று தயங்குகிறார்களே?
- அதே வாசகி

பதில்: அவர்கள் சொல்வது சரிதான், புதிய முறையில் அந்தச் சலுகை கிடையாது. பழைய முறையிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. வாதாட வேண்டாம். பழைய முறையில் இருப்பவர்களுக்குச் சான்றிதழை நேரத்தோடு கொடுத்துவிடுங்கள், ஜூலையில் ஆடிட்டர் கேட்ட பிறகு ஓடாதீர்கள்.

வடலூர் தருமச்சாலையில் 1867இல் வள்ளலார் ஏற்றிய அடுப்பு இன்னும் அணையவில்லை. அரிசி கொண்டுபோகிறவர் எரிகிற அடுப்பையும் பந்தியையும் கண்ணால் பார்த்துவிட்டு வருகிறார். உங்கள் ஆட்களையும் ஒரு சனிக்கிழமை மாலை வகுப்புக்கு வரச் சொல்லுங்கள். மேடை, பொன்னாடை எதுவும் வேண்டாம். பின்வரிசையில் ஒரு நாற்காலி போட்டால் போதும்.