பழைய ஊசிகளைக் குப்பையில் போட மனசு வரவில்லையா?

அம்மாவின் ஊசி டப்பாவைத் தூக்கிப் போடவும் மனசில்லை, டோக்கியோ வீட்டைக் காலி செய்யும்போது சுமக்கவும் முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பிப்ரவரி 8 வரை பொறுங்கள். அன்றைக்கு டோக்கியோவின் அசகுசா பகுதியில் இருக்கும் சென்சோஜி என்ற பௌத்தக் கோயில் வளாகத்தில், அவாஷிமா சன்னதியில் ஹரி குயோ என்ற ஊசிகளுக்கான சடங்கு நடக்கும். துணியோடு மல்லுக்கட்டித் தேய்ந்த, உடைந்த ஊசிகளை மெத்தென்ற தோஃபுவில் (சோயா பாலில் செய்த கட்டி) குத்தி வைத்து, இத்தனை காலம் உழைத்ததற்கு நன்றி சொல்லி வழியனுப்புவார்கள். பொருளுக்கும் ஓர் ஆவி உண்டு என்கிற, ஜப்பானின் பூர்விக மதமான ஷிந்தோவின் எண்ணமும், எதுவும் நிலைக்காது என்கிற பௌத்தமும் அங்கே சேர்ந்தே இருக்கின்றன. மறந்துவிடு என்று சொல்லாமல் முதலில் நன்றி சொல்லச் சொல்கிறார்களே, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டாம், துருப்பிடிக்காத ஊசி ஒன்றை வைத்துக்கொண்டு தையுங்கள். அப்புறம், பிப்ரவரி 8-க்கு முன்பே கிளம்புவதாக இருந்தால் அங்கே இருக்கும் நண்பர் யாரிடமாவது டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போகலாம்.