பழைய நடுகல்லுக்குப் பலகை வைத்தால் காப்பாற்றிவிடலாமா?

"எங்கள் ஊர் எல்லையில் பழைய நடுகல் ஒன்று கேட்பாரற்று நிற்கிறது. அதன் வரலாற்றை எழுதிப் பலகை வைத்தால் பிழைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பலகை வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதை நம்பி நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். நீங்கள் வெளியூரில் வேலை பார்க்கிறவர், பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கல் கண்ணில் பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும். நான் தொல்லியல் படித்தவன் கிடையாது, தருமபுரிப் பக்கம் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் ஊரிலிருந்து சந்தைக்குப் போகும் சாலையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நினைவுக்கல் இருந்தன. ஒன்று வேடியப்பன். எங்கள் பக்கத்தில் பல நடுகற்கள் இந்தப் பெயரில்தான் சாமியாக நிற்கின்றன. இடது கையில் வில், வலது கையில் குறுவாள், மார்பில் பாய்ந்த அம்பு, காலடியில் இரண்டு மாடுகள். மாடு மீட்கப் போய் மாண்டவன். இன்னொன்று சுமைதாங்கி. தலைச்சுமையோடு நடக்கிறவர்கள் அடுத்தவர் உதவி இல்லாமல் சுமையை இறக்கி வைக்க, ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்கப் போட்டிருப்பார்கள். பிள்ளை பெறாமல் வயிற்றுச் சுமையோடு இறந்த பெண்ணுக்காக அதை வைப்பது வழக்கம். நாலு பேர் சுமையை இறக்கினால் அவள் சுமையும் இறங்கும் என்று நம்பிக்கை.

எங்கள் சாலையில் இருந்தது என் தாத்தாவின் அத்தைக்காக வைத்தது. மேல்கல்லின் நடுப்பகுதி, புளி மூட்டையும் கேழ்வரகு மூட்டையும் இறங்கி இறங்கி, தேய்ந்து லேசாகக் குழிந்திருக்கும். கை வைத்தால் எண்ணெய் பூசியதுபோல வழுக்கும். சாலையைப் பார்த்த விளிம்பில் அவள் பெயரும் வருஷமும் மாதமும் வெட்டியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்த எழுத்துகளுக்குள் விரலை விட்டுத் தடவிக்கொண்டே நிற்போம்.

சாலையை அகலப்படுத்த வந்தார்கள். அதே ஒப்பந்தக்காரர், அதே ஜேசிபி. சுமைதாங்கியை அரை நாளில் பெயர்த்துத் தள்ளிவிட்டார்கள். வேடியப்பன் பக்கம் வந்ததும் ஜேசிபி ஓட்டிய தம்பி வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, செருப்பைக் கழற்றிக் கும்பிட்டான். "அண்ணே, இதுல நான் கை வைக்க மாட்டேன்" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டான். இன்றைக்கும் சாலை அந்த இடத்தில் கொஞ்சம் வளைந்துதான் போகிறது. சுமைதாங்கியின் மேல்கல் ஒரு டீக்கடை முன்னால் சாக்கடைக்குப் பாலமாகக் கிடக்கிறது. எழுத்துள்ள விளிம்பு சிமெண்டுக்குள் போய்விட்டது. சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் மனு கொடுத்தேன். "பட்டியலில் இல்லாத கல்லுக்கு நாங்கள் என்ன சார் செய்ய முடியும்?" என்றார்கள்.

அதோடு சாலையோரப் புளிய மரங்களும் போயின. எண் போட்டு வருஷா வருஷம் ஏலம் விட்ட மரங்கள். எங்கள் பெரியப்பா அதில் குத்தகை எடுத்துத்தான் இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தார். அந்த வருஷக் குத்தகைப் பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றவர்கள் இன்னும் தரவில்லை. மரத்துக்குப் பதிலாக நட்ட அரளிச் செடியின் நிழலில் ஒரு கோழிகூட நிற்க முடியாது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் அந்தச் சாலையை நினைத்தாலே இது வந்துவிடுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதைப் படித்துவிட்டு "மூடநம்பிக்கையை வளர்க்கிறாயா?" என்று சிலர் வருவார்கள். சாமி இருக்கிறதா இல்லையா என்று நான் பேசவில்லை. கல்லுக்கு ஆள் இருந்ததா இல்லையா என்றுதான் பேசுகிறேன். தலைச்சுமை நின்றதும் சுமைதாங்கிக்கு வேலை போய்விட்டது, வேலை போனதும் ஆளும் போய்விட்டார்கள். வேடியப்பனுக்கு இன்னும் பொங்கல் வைக்கிறார்கள், மண்குதிரை செய்து வைக்கிறார்கள். கல் நடுவதைத் தொல்காப்பியம் ஆறு கட்டமாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேடிக் கண்டுபிடிப்பதில் ஆரம்பித்து நீராட்டி நட்ட பிறகும், படையலும் வாழ்த்தும் பாக்கி இருக்கின்றன. நாம் நடுவதோடு நிறுத்திவிட்டு ரிப்பன் வெட்டுகிறோம்.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. மகேந்திரவர்மப் பல்லவன் காலம், 7ஆம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு வைத்தது. அவன் பக்கத்திலேயே அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன், இரண்டு திருடர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லிலேயே எழுதியிருக்கிறது. ஒரு நாயின் பெயர் 1,400 வருஷம் தாண்டி வந்துவிட்டது. எங்கள் தாத்தாவின் அத்தை பெயர் சாக்கடை ஓரத்தில் கிடக்கிறது. எரிச்சல் வருமா வராதா?

பலகை என்றால் பெரும்பாலும் என்ன எழுதுகிறார்கள்? மத்திய தொல்லியல் துறையின் நீலப் பலகையைப் பாருங்கள். சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2010 திருத்தச் சட்டத்தைச் சொல்கிறது. அது தேவைதான். ஆனால் பல இடங்களில் செத்தவன் யார், எதற்காகச் செத்தான் என்று ஒரு வரி இருக்காது. ஊர்க்காரனுக்கு அது போலீஸ் நோட்டீஸ்.

கும்பிடுவதிலும் கெடுதல் இருக்கிறது, மறுக்கவில்லை. எங்கள் வேடியப்பனுக்கு யாரோ பக்தியில் எனாமல் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். வில்லுக்குப் பச்சை, மீசைக்குக் கறுப்பு. மேலே இருந்த எழுத்து பெயிண்டுக்குள் போனது. இன்னும் சில ஊர்களில் பீடம் கட்டுகிறோம் என்று கீழ் வரிகளைச் சிமெண்டில் புதைத்துவிடுகிறார்கள். ஆனாலும் பெயிண்டை விவரம் தெரிந்தவர்களை வைத்து எடுக்கலாம், ஜல்லியாக உடைத்த கல்லை ஒட்ட முடியாது.

உங்கள் கல்லை இரவில் போய்ப் பாருங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால், பகலில் தெரியாத எழுத்து நிழல் விழுந்து தெரியும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து மாவட்ட அருங்காட்சியகத்தில் கொடுங்கள். செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை தேடித் தொகுத்து 1972இல் புத்தகமாகவே போட்டது. அதனால் படமும் இடக் குறிப்பும் வீண் போகாது. அப்புறம் அந்த நிலம் யாருடையது, முன்னே அந்தக் கல்லுக்கு யார் வீட்டில் விளக்கு வைத்தார்கள் என்று விசாரியுங்கள். பலகைக்கு வசூல் செய்வதற்கு முன்னால் அவர்களைப் பாருங்கள். வசூல் ஆரம்பித்துவிட்டால், கல்லில் இருக்கிறவன் பெயரைவிட நன்கொடை கொடுத்தவர் பெயர் பெரிய எழுத்தில் வந்துவிடும். எங்கள் ஊர் நிழற்குடையில் அப்படித்தான் ஆனது.