பி.பி. உள்ள அப்பாவுக்குப் பொட்டாசியம் உப்பு கொடுக்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. சர்க்கரையும் பி.பி.யும் பல வருடமாக உண்டு. தினமும் டெல்மிசார்டன் 40 என்ற பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். பி.பி.க்குப் பொட்டாசியம் நல்லது என்று சித்தப்பா ஒரு 'லோ சோடியம்' உப்பு வாங்கிக் கொடுத்தார். இரண்டு வாரமாக வீட்டுச் சமையல் முழுக்க அதில்தான். காலையில் ஒரு இளநீரும் குடிக்கிறார். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் போன மாத ரத்தப் பரிசோதனையில் 1.7 இருந்தது. பக்கத்து வீட்டு அக்காவோ, கிட்னியில் பிரச்சினை என்றால் வாழைப்பழமே தொடக்கூடாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் அந்த உப்பை இன்றே நிறுத்துங்கள். ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று தெரியும்வரை இளநீரும் வேண்டாம். டெல்மிசார்டனை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; சர்க்கரை உள்ளவர்களுக்கு அது சிறுநீரகத்தையும் காக்கும் மாத்திரை.

சித்தப்பா சொன்னது கட்டுக்கதை இல்லை. பொட்டாசியம் கூடுதலாகச் சேரும்போது சிறுநீரகம் சோடியத்தை அதிகம் வெளியேற்றுகிறது, ரத்தக்குழாய்களின் இறுக்கமும் தளர்கிறது. அதனால் பி.பி. இறங்குகிறது. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2021-ல் வெளியானது. கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் வீட்டில் ஒருவருக்குக் கடுமையான சிறுநீரக நோய் இருப்பது தெரிந்தால்கூட, அந்த வீட்டை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2025 ஜனவரியில் இந்த வகை உப்பைப் பரிந்துரைத்தபோது, சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகளுக்கு இது பொருந்தாது என்று சேர்த்தே சொன்னது. வாட்ஸ்அப்பில் வரும்போது இந்தப் பாதி மட்டும் எப்படியோ உதிர்ந்துவிடுகிறது.

உங்கள் அப்பாவின் வயதுக்குக் கிரியேட்டினின் 1.7 என்றால், சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 44, 45 அளவில் இருக்கும். பொதுவாக 90-க்கு மேல் இருந்தால் இயல்பு. நாம் சாப்பிடும் பொட்டாசியத்தில் 90 சதவீதம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதை வெளியேற்றச் சொல்லும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை டெல்மிசார்டன் குறைக்கிறது. நாள்பட்ட சர்க்கரை உள்ள பலருக்கு அந்த ஹார்மோன் ஏற்கெனவே குறைவு. ஆக, போகும் வழி மூன்று பக்கமும் குறுகியிருக்கும்போது பொட்டாசியத்தின் வரவைக் கூட்டிவிட்டோம்.

எவ்வளவு கூட்டினோம் என்று பார்ப்போம். உப்பு பாக்கெட்டைத் திருப்பினால் பொட்டாசியம் குளோரைடு எத்தனை சதவீதம் என்று இருக்கும். 25 என்றால், ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பில் சுமார் 650 மில்லிகிராம் பொட்டாசியம். இந்த உப்பில் கரிப்பு கொஞ்சம் குறைவு என்பதால் கை தானாக ஒரு சிட்டிகை கூடப் போடும். 300 மில்லி இளநீரில் இன்னொரு 600, 700. இரண்டும் சேர்ந்து தினமும் 1,300 மில்லிகிராம்! ஆரோக்கியமான பெரியவருக்கு நாளுக்கு 3,500 வரை தேவை. வெள்ளைச் சோறே பிரதானமாகச் சாப்பிடும் பலர் அதை எட்டுவதில்லை. அவர்களுக்கு இளநீர் நல்லதுதான். அப்பா விஷயம் வேறு. அவருக்கு ஏறும் பொட்டாசியம் பெரும்பாலும் வலி, வீக்கம் என்று எதையும் காட்டாமல் நேராக இதயத் துடிப்பில் கை வைக்கும்.

அப்படியானால் இந்துப்பு போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அது பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். அதில் இந்தப் பொட்டாசிய ஆபத்து இல்லை, பி.பி.க்குப் பிரயோஜனமும் இல்லை. சாதா உப்பையே குறைத்துப் போடுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் கை வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இனி பக்கத்து வீட்டு அக்கா. அவரும் கொஞ்சம் அதிகமாகவே பயமுறுத்துகிறார். சின்ன பூவன் பழத்தில் 200 மில்லிகிராம் அளவுதான் இருக்கும். ரத்தத்தில் பொட்டாசியம் 3.5-லிருந்து 5-க்குள் இருந்தால் தினம் ஒரு பழத்துக்குத் தடை தேவையில்லை. நார்ச்சத்தோடு வரும் பொட்டாசியம் மெதுவாகத்தான் சேரும், மலச்சிக்கலும் வராது. மலச்சிக்கல் இருந்தால் பொட்டாசியம் இன்னும் தேங்கும். பழங்களை மொத்தமாக ஒதுக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ரத்தத்தில் பொட்டாசியம் 5-ஐத் தாண்டினால் சமையலை மாற்ற வேண்டும். உருளைக்கிழங்கைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, நிறைய தண்ணீரில் கொதிக்கவிட்டு, தண்ணீரை வடித்துக் கொட்டினால் ஏறக்குறைய பாதி போய்விடும். கீரைக்கும் அதே வழி. நறுக்கிச் சும்மா ஊற வைப்பதில் பெரிய பலனில்லை. குக்கரில் வைத்து அந்தத் தண்ணீரோடு கடைந்தால் எதுவும் குறையாது. காய் வெந்த தண்ணீரில் பொட்டாசியம் இறங்கியிருப்பதால் சூப், கீரைத் தண்ணீர், வாழைத்தண்டு ஜூஸ் மூன்றும் அவருக்கு வேண்டாம். 'கிட்னிக்கு நல்லது' என்று வாழைத்தண்டு ஜூஸை யாராவது நீட்டுவார்கள், பாருங்கள். முட்டி வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின் மூன்றையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். ரத்தம் எடுக்கும்போது அப்பா முஷ்டியை மூடித் திறந்துகொண்டிருக்க வேண்டாம். அதனாலேயே அளவு கூடுதலாகக் காட்டும். பொட்டாசியம் 5.5-க்கு மேல் வந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். 6-ஐத் தொட்டாலோ, கை கால் திடீரென்று சோர்ந்தாலோ, படபடப்போ மயக்கமோ வந்தாலோ காத்திருக்காமல் ஈ.சி.ஜி. வசதியுள்ள மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். டெல்மிசார்டனின் அளவைக் குறைப்பதா, மாற்றுவதா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள்.