வயதான பெற்றோர், சின்னக் குழந்தையோடு ஒரு வாரம் அந்தமான் போக எப்படித் திட்டமிடுவது?

கேள்வி கேட்டவர் தந்த விவரம் இது. சென்னையிலிருந்து ஐந்து பேர் கிளம்புகிறார்கள். அப்பா எழுபதைத் தாண்டியவர், அம்மாவுக்கு முழங்கால் வலி, மகளுக்கு ஏழு வயது. கையில் ஒரு வாரம் விடுமுறை. ஆறு நாளில் எல்லா இடத்தையும் காட்டிவிடுவதாக ஒரு டிராவல்ஸ்காரர் வாட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்பியிருக்கிறார், அதை எடுக்கலாமா என்கிறார்.

வேண்டாம். அந்தப் பட்டியலை நான் பார்க்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

என் சித்தி குடும்பம் பல வருடமாகப் போர்ட் பிளேரில் இருக்கிறது. எங்கள் சொந்தத்தில் யார் அந்தமான் கிளம்பினாலும் முதல் போன் சித்தப்பாவுக்குத்தான். போனவர், வந்தவர் எல்லாருக்கும் அவர் சொல்வது ஒன்றுதான்: "முதல்ல போட் டிக்கெட்டப் போடும்மா. ஹோட்டல் எங்கயும் ஓடிப்போகாது." அந்தமான் பயணத்தில் நாளைத் தீர்மானிப்பது படகு. ஊட்டி, மூணாறு மாதிரி ஒரு காரை வைத்துக்கொண்டு இன்றைக்கு இது, நாளைக்கு அது என்று மாற்றிக்கொள்ள முடியாது. எந்தத் தீவிலிருந்து எந்தத் தீவுக்கு எத்தனை மணிக்குப் படகு, அதில் ஐந்து பேருக்கும் சேர்ந்தாற்போல் இடம் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு அதைச் சுற்றித்தான் மற்றதை அடுக்க வேண்டும்.

அதற்கு முன் மாதத்தை முடிவு செய்யுங்கள். தென்மேற்குப் பருவமழை கேரளாவைத் தொடுவது ஜூன் 1 வாக்கில். ஆனால் அந்தமான் கடலுக்கு அது மே 20 வாக்கிலேயே வந்துவிடும். அங்கிருந்து செப்டம்பர் வரை மழையும் கடல் கொந்தளிப்பும். அக்டோபர், நவம்பரில் வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகும் பயம். மிச்சம் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை. அரையாண்டு விடுமுறையில் போனால் விமான டிக்கெட்டும் ஹோட்டலும் உச்ச விலை, ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், கூட்டம். பள்ளியில் லீவு கேட்க முடியுமானால் பிப்ரவரி, மார்ச் நல்ல காலம். முடியாவிட்டால் முழுப்பரீட்சை முடிந்த கையோடு ஏப்ரல் கடைசியில் போங்கள். வெயில் கொளுத்தும்தான், ஆனால் பெரும்பாலும் கடல் அலையில்லாமல் கிடக்கும். முதன்முதலாகப் படகு ஏறும் பெரியவர்களுக்கு அதுதான் முக்கியம். மே இரண்டாம் பாதியை மட்டும் தொடாதீர்கள்.

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம் ஆகும். கப்பலும் இருக்கிறது, கிட்டத்தட்ட மூன்று நாள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு நல்ல அனுபவம், உங்களுக்கு இல்லை. போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். அதேபோல் 2018 முதல் ஹேவ்லாக் தீவுக்கு ஸ்வராஜ் த்வீப் என்றும் நீல் தீவுக்கு ஷஹீத் த்வீப் என்றும் பெயர். முன்பதிவு செய்யும்போது எந்தப் பெயரைப் பார்த்தாலும் குழம்ப வேண்டாம். அங்கே பேச்சில் பழைய பெயர்கள்தான் ஓடுகின்றன, நானும் அதையே எழுதுகிறேன்.

இனி படகு. அரசுப் படகுகள் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து புறப்படும். கட்டணம் குறைவு, ஹேவ்லாக் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், டிக்கெட் கிடைப்பது பாடு. அது தீவுக்காரர்களுக்குப் பஸ் மாதிரி. அவர்களுக்கு முன்னுரிமை இருப்பதும் நியாயம்தான். மக்ரூஸ், நாட்டிகா மாதிரி தனியார் படகுகள் ஹேடோ துறைமுகத்திலிருந்து கிளம்பும். ஒன்றரை மணி நேரத்தில் ஹேவ்லாக். கட்டணம் ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சத்தில் ஆரம்பித்து வகுப்புக்குத் தக்கபடி ஏறும். பெரியவர்களோடு போகும்போது இந்தச் செலவைப் பார்க்காதீர்கள், வேறு எங்காவது மிச்சம் பிடித்துக்கொள்ளலாம். எந்த ஜெட்டி என்பதை டிக்கெட்டில் பார்த்து டாக்ஸிக்காரரிடம் சொல்லிவிடுங்கள். அசல் அடையாள அட்டை எல்லாருக்கும் வேண்டும், குழந்தைக்கும் ஆதாரை எடுத்துக்கொள்ளுங்கள்.

தனியார் வேகப் படகுகள் பெரும்பாலும் ஏசி போட்டு மூடியவை. காற்று வராது, அலை கொஞ்சம் தூக்கினாலும் வயிறு பிரட்டும். நடுவிலோ பின்பக்கமோ இருக்கை எடுங்கள், முன்வரிசை வேண்டாம். வாந்தி மாத்திரையைப் படகு ஏறிய பின் போட்டுப் பயனில்லை, அரை மணி முன்னதாகவே போட வேண்டும். அப்பா ஏற்கெனவே பிரஷர், சுகர் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் எது ஒத்துப்போகும் என்று ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், குழந்தைக்கு அளவையும் சேர்த்து. கிரீன் ஓஷன் படகில் மேலே திறந்த தளம் இருக்கிறது, கொஞ்சம் மெதுவாகப் போகும். மூடிய இடத்தில் மூச்சுமுட்டுகிறது என்பவர்களுக்கு அது தேவலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கடைசி இரவு கட்டாயம் போர்ட் பிளேரில்தான் தங்க வேண்டும். காலையில் நீலிலிருந்து படகு, மதியம் விமானம் என்று கச்சிதமாகக் கோத்துத் தரும் டிராவல்ஸ்காரர்கள் இருக்கிறார்கள். கடல் சரியில்லை என்றால் அன்றைய படகு எல்லாமே ரத்தாகும். படகுப் பணம் திரும்பி வரும், ஐந்து விமான டிக்கெட்டின் பணம் வராது.

தீவுகள் இரண்டு போதும், ஹேவ்லாக்கும் நீலும். போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல், மறுபடி போர்ட் பிளேர் என்று ஒரு சுற்று. முதல் நாள் போர்ட் பிளேர், அடுத்த இரண்டு இரவு ஹேவ்லாக்கில், ஒரு இரவு நீலில், மிச்சம் போர்ட் பிளேரில். நீலில் இரண்டு இரவு தங்க முடிந்தால் நான் அதைத்தான் செய்வேன். சின்னத் தீவு, வயலும் தோட்டமுமாக இருக்கும், போர்ட் பிளேர் சந்தைக்கே அங்கிருந்துதான் காய்கறி போகிறது. பரத்பூர், லக்ஷ்மண்பூர், சீதாபூர் என்று ராமாயணப் பெயர்களாக வைத்திருப்பதைப் பார்த்தால் உங்கள் அம்மாவுக்குப் பேச விஷயம் கிடைத்துவிடும். பரத்பூரில் அடியில் கண்ணாடி வைத்த படகு இருக்கிறது. தண்ணீரில் இறங்காமலே பவளமும் மீனும் பார்க்கலாம், தாத்தா பாட்டிக்கு ஏற்றது.

நீலில் எல்லாரும் போட்டோ எடுக்கும் இயற்கைப் பாலப் பாறை நீர் வற்றும் நேரத்தில்தான் நெருங்க முடியும். கூரான, வழுக்கும் பாறைகள்மேல் நடக்க வேண்டும். அம்மாவை மேலேயே இளநீர்க் கடையில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் போய் வாருங்கள்.

கடல்நீர் ஏறுவது, வற்றுவது என்ற இந்தக் கணக்கை ஹோட்டல் எடுக்கும்போதும் பார்க்க வேண்டும். ஹேவ்லாக்கில் கடலோர விடுதிகள் பலவும் கிழக்குக் கரையில், கோவிந்த்நகர், விஜய்நகர் பக்கம் இருக்கின்றன. இணையத்தில் போடும் படங்கள் நீர் ஏறியிருக்கும்போது எடுத்தவை. வற்றும்போது கடல் வெகுதூரம் உள்ளே போய்விடும், பாறையும் சேறும் செத்த பவளமும்தான் மிஞ்சும். உட்கார்ந்து பார்க்க அழகு, குழந்தை குளிக்க ஆகாது. அதனால் 'பீச் வியூ' அறைக்கு இரட்டிப்புக் காசு கொடுக்கும் முன் யோசியுங்கள். அந்தக் காசில் தரைத்தளத்தில் படியில்லாத, குளியலறை வழுக்காத நல்ல அறையாகக் கேட்டு எடுக்கலாம். பல ரிசார்ட்டுகளில் குடில்கள் கால் நட்டு உயரத்தில் இருக்கும், முழங்கால் வலிக்காரருக்கு அந்த நாலு படியே பெரிய தண்டனை.

குளிக்க ராதாநகர். ஜெட்டியிலிருந்து 12 கிலோமீட்டர், டாக்ஸியில் போகலாம். 2004இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று சொன்னது இதைத்தான். வழவழப்பான மணல், பின்னால் ஓங்கிய காடு, நிழல். பெரியவர்கள் மர நிழலில் மணிக்கணக்கில் உட்காரலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்தமானில் உப்புநீர் முதலை உண்டு. 2010இல் ராதாநகர் ஓரத்தில் இருக்கும் நீல்ஸ் கோவ் பக்கம் ஒரு வெளிநாட்டுப் பயணியை முதலை பிடித்துக்கொண்டு போய்விட்டது. கொடி கட்டிய பகுதிக்குள், உயிர்காப்பாளர் கண்ணில் படும்படி குளியுங்கள். ஓடை வந்து கலக்கும் இடம், ஆளில்லாத மூலை, இருட்டிய பின் தண்ணீர், மூன்றும் கூடாது.

இருட்டு அங்கே சீக்கிரம் வரும். நம் நாட்டு நேரத்தைக் கணக்கிடும் தீர்க்கரேகை 82.5 டிகிரி, அந்தமான் இருப்பது 93 டிகிரிக்குப் பக்கத்தில். சூரியன் நாற்பது நிமிடம் முந்திக்கொள்கிறது. டிசம்பரில் மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டு, ஏப்ரலில் காலை ஐந்து மணிக்கே வெளிச்சம். சாவகாசமாகப் பத்து மணிக்கு மேல் கிளம்பும் குடும்பம் பாதி நாளைக் கோட்டைவிடும். அப்பா எப்படியும் நாலரைக்கு எழுந்து காபி கேட்பவர்தானே, அவரைப் பின்பற்றுங்கள். மதியம் எல்லாரும் தூங்கலாம்.

ஹேவ்லாக்கிலேயே இருக்கும் எலிஃபன்ட் பீச்சுக்கு எல்லாரும் போக வேண்டியதில்லை. ஜெட்டியிலிருந்து சின்னப் படகில் போய் மீன், பவளம் பார்க்க முகமூடி போட்டு மிதக்கும் இடம் அது. காட்டு வழியாக நடந்தும் போகலாம், வழியெல்லாம் சேறு. நீங்களும் மகளும் காலையில் போய்விட்டு மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள், பெரியவர்கள் அறையில் ஓய்வெடுக்கட்டும். பெயரைக் கேட்டு மகள் யானையை எதிர்பார்ப்பாள். விளம்பரங்களில் கடலுக்குள் நீந்தும் யானைப் படம் இன்னும் வருகிறது. மரம் இழுக்கக் கொண்டுவந்த யானைகளில் ஒன்றான ராஜன் அது, 2016லேயே இறந்துவிட்டது. காற்று உருளை கட்டிக்கொண்டு கடலுக்கடியில் நீந்தும் ஸ்கூபா செய்ய ஆசைப்பட்டால் ஹேவ்லாக்கிலேயே முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம், முடிந்தால் ஒரு நாள், விமானம் ஏறக் கூடாது. ஏழு வயதுக் குழந்தைக்கு ஸ்கூபா கிடையாது, பத்து வயதாக வேண்டும். 'பரவாயில்லை, நாங்க பாத்துக்கறோம்' என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

இனி பாராடங் தீவு. எல்லாப் பட்டியலிலும் இருக்கும், உங்கள் பட்டியலிலும் இருக்கும். விடிகாலை நாலு மணிக்கு முன் கிளம்பி, ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, போலீஸ் பாதுகாப்போடு வாகனங்கள் கூட்டமாகக் காட்டைக் கடந்து, பிறகு படகு, பிறகு நடை, கடைசியில் சுண்ணாம்புக் குகை. உங்கள் குடும்பத்துக்கு அது ஒரு முழு நாள் அலைச்சல். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அந்தச் சாலை ஜாரவா பழங்குடிகளின் காட்டுக்குள் போகிறது. சாலையின் அந்தப் பகுதியை மூடச் சொல்லி 2002இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. குகைக்கு என்று சொல்லிக்கொண்டு ஜன்னல் வழியே மனிதர்களைத் தேடும் கூட்டத்தில் என் குடும்பத்தைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம்.

போர்ட் பிளேரில் செல்லுலார் சிறை கட்டாயம். 1896இல் கட்டத் தொடங்கி 1906இல் முடித்தார்கள். ஏழு கட்டடச் சிறகுகளில் மூன்றுதான் இன்று இருக்கின்றன. மொட்டை மாடிக்குப் படியேற முடியாதவர்கள் கீழேயே அறைகளையும் காட்சிக் கூடத்தையும் பார்க்கலாம். மாலை ஒலி ஒளிக் காட்சிக்கு டிக்கெட் முன்கூட்டியே எடுங்கள். ராஸ் தீவு அரை நாள், மான்களைப் பார்த்ததும் மகளுக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும். இந்த இரண்டு இடங்களுக்கும் வார விடுமுறை எந்த நாள் என்று விசாரித்துவிட்டு நாளை வையுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. போர்ட் பிளேரில் தமிழர்கள் நிறைய, அபெர்தீன் பஜார் பக்கம் இட்லி, தோசை, சாப்பாடு எல்லாம் கிடைக்கும், தமிழிலேயே கேட்கலாம். ஹேவ்லாக்கிலும் நீலிலும் இருப்பவர்கள் பெரும்பாலும் வங்காளிகள், இந்தி பேசினால் வேலை நடக்கும். சோறும் பருப்பும் எங்கும் உண்டு. சைவம் என்றால் மீன் வாசனையைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

2020இல் சென்னையிலிருந்து கடலடி கேபிள் போட்ட பிறகு இணையம் பரவாயில்லை. இருந்தாலும் ரொக்கம் கையில் இருக்கட்டும், சின்னத் தீவுகளில் ஏடிஎம்மை நம்பாதீர்கள். மாத்திரைகள் நாலைந்து நாளைக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய அரசு மருத்துவமனை, ஜி.பி. பந்த், போர்ட் பிளேரில்தான். ஹேவ்லாக்கில் இருப்பது சுகாதார நிலையம். அப்பாவுக்கு சமீபத்தில் நெஞ்சு சம்பந்தமாக ஏதாவது நடந்திருந்தால் ஹேவ்லாக், நீல் இரண்டையும் ஒருநாள் பயணமாகக்கூட வைக்காமல் போர்ட் பிளேரிலேயே தங்கிப் பக்கத்து இடங்களைப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

இன்னொன்று, மகளிடம் கிளம்பும் முன்பே சொல்லிவைக்க வேண்டியது. கரையில் கிடக்கும் பவளத் துண்டு, சிப்பி, சங்கு எதையும் எடுத்து வரக் கூடாது. திரும்பும்போது விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொல்லி எடுத்துவிடுவார்கள், சட்டப்படி அது குற்றமும்கூட. அங்கே வைத்து அவள் அழுவதைவிட, ஹேவ்லாக்கிலேயே பார்த்துவிட்டுக் கரையில் வைத்துவிட்டு வரப் பழக்குங்கள். கடையில் சிப்பிப் பொருள் வாங்கினால் ரசீதைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், கேட்பார்கள்.